வால்வ் அம்ப்ல இருக்கிற நொப் ஒவ்வொண்டும் என்ன செய்யுது?

போன மாசம் என்ட சித்தியின்ட மகன் ஒரு வால்வ் அம்ப் வாங்கினவன், எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி. செக்கன்ட் ஹேண்ட், 15 வோட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒண்டு. தெஹிவளையில ஆரோ வெளிநாடு போக முதல் வித்துப்போட்டு போனதாம். அதை த்ரீவீலில ஏத்தி வெள்ளவத்தைக்கு கொண்டுவந்து, லிஃப்ட் வேலை செய்யாத நாள் பார்த்து மூண்டாம் மாடிக்கு தூக்கிக்கொண்டு ஏறி, மூச்சு அடங்க முதலே எனக்கு கோல் எடுத்தான். "அக்கா, ஏமாந்துபோனன் போல கிடக்கு, பானைக்குள்ள இருந்து வாற மாதிரி சத்தம் வருது."

போய்ப் பார்த்தா அம்ப்ல ஒரு பழுதும் இல்ல. பெடியன் எல்லா நொப்பையும் நேர் நடுவில, மணிக்கூட்டில 12 மணி மாதிரி வச்சிருக்கிறான். ஏன் எண்டு கேட்டா "நடுவில வச்சா நோமல் தானே" எண்டுறான். அவன்ட பழைய குட்டி ட்ரான்சிஸ்டர் அம்ப்ல அது ஓரளவு சரி, அதில நடு எண்டா கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல எண்டு அர்த்தம் வாற மாதிரி செய்திருப்பினம். வால்வ் அம்ப்ல கனக்கவற்றில நடுவுக்கு அப்படி ஒரு விசேஷமும் கிடையாது. அண்டைக்கு பின்னேரம் முழுக்க அவனோட இருந்து ஒவ்வொரு நொப்பா திருப்பிக் காட்டினதைத்தான் இஞ்ச எழுதுறன், புதுசா வாங்கின ஆருக்காவது உதவும்.

முதல்ல ஒரு விசயம். நொப்புக்கு மேல எழுதியிருக்கிற பேரை நம்பாதேங்கோ, அது உள்ளுக்க எந்த இடத்தில நிக்குது எண்டதைப் பாருங்கோ. கிட்டார்ல இருந்து வாற சிக்னல் ஒரு லைன்ல நிண்டு வாற மாதிரித்தான் வருது: முதல் பிரீஅம்ப் வால்வ் (சின்ன சிக்னலைப் பெருப்பிக்கிறது), பிறகு டோன் சேர்கிட் (பேஸ், மிட், ட்ரெபிள் நொப் இருக்கிற இடம்), பிறகு மாஸ்டர் (பின்பக்கத்துக்கு எவ்வளவு விடுறது எண்டது), பிறகு பவர் வால்வ் (ஸ்பீக்கரை ஆட்டுற பலம் குடுக்கிறது), பிறகு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் (அந்தப் பலத்தை ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரி மாத்துறது), கடைசியா ஸ்பீக்கர். அம்புக்கு அம்ப் இந்த ஒழுங்கு கொஞ்சம் மாறும், அதாலதான் ஒரே பேர் போட்ட நொப் ரெண்டு அம்ப்ல ரெண்டு விதமா வேலை செய்யுது.

வால்வ் எண்டது சிக்னலைப் பெருப்பிக்கிற ஒரு கண்ணாடிக் குழாய், பேர் பிரிட்டிஷ்காரன்ட சொல். அமெரிக்காக்காரன் டியூப் எண்டுவான், ஆனா எங்கட ஊரில டியூப் எண்டா சைக்கிள் டியூப்தான் ஞாபகம் வரும். 1904ல ஃபிளெமிங் எண்ட ஆள் செய்த முதல் வால்வ் கரண்டை ஒரு பக்கமா மட்டும் போகவிட்டது, தண்ணி பைப் வால்வ் மாதிரி, அதால அந்தப் பேர். எங்கட தாத்தா ஆக்கள் வீட்டில வச்சிருந்த றேடியோப் பெட்டியும் இதேதான். சுவிட்ச்சைப் போட்ட உடன பாடாது, உள்ளுக்க செம்மஞ்சளா ஒரு வெளிச்சம் வந்து சூடேறி கொஞ்சம் பொறுத்துத்தான் றேடியோ சிலோன் கேட்கும். உங்கட அம்ப் அந்தப் பெட்டியின்ட பேரப்பிள்ளை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

அதாலதான் கனக்க அம்ப்ல ரெண்டு சுவிட்ச் இருக்கு, பவர் எண்டு ஒண்டு, ஸ்டாண்ட்பை எண்டு ஒண்டு. பவரைப் போட்டா வால்வுக்குள்ள இருக்கிற ஹீட்டர் மட்டும் சூடாகும். ஒரு நிமிசம் மாதிரி விட்டுட்டு ஸ்டாண்ட்பையை எடுத்தா பெரிய வோல்டேஜ் வால்வுக்குப் போகும், சத்தம் வரும். இதைச் செய்யாட்டி வால்வ் உடன செத்துப்போகும் எண்டு சில பேர் பயமுறுத்துவினம், அப்படியெல்லாம் இல்ல, ஃபெண்டர் சாம்ப் மாதிரி சின்ன அம்ப்ல ஸ்டாண்ட்பையே கிடையாது, அதுகளும் எத்தினையோ வருசம் ஓடினதுகள்தான். உண்மையில செய்யக்கூடாதது மற்றப் பக்கம்: ஸ்டாண்ட்பையில போட்டுட்டு சாப்பிடப் போய் மூண்டு மணித்தியாலம் கழிச்சு வாறது. கரண்ட் ஓடாம ஹீட்டர் மட்டும் எரிஞ்சுகொண்டிருந்தா வால்வ்தான் மெல்ல மெல்ல கெடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல தேவையில்ல எண்டா நிப்பாட்டிவிடுங்கோ.

பிளக்கைக் குத்த முதல் பின்பக்கம் வோல்டேஜ் பாருங்கோ. எங்கட கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில இருந்து வந்த அம்ப் எண்டா 120 வோல்டா இருக்கும். என்ட முதல் அம்ப் மாமா டொரொன்டோவில இருந்து அனுப்பினது, நான் இருந்த சந்தோசத்தில ஒண்டும் பார்க்காம சுவர் பிளக்கில நேரா குத்தி சுவிட்ச்சைப் போட்டன், டப் எண்டு ஒரு சத்தம், பிறகு ஊர் அமைதி. நல்ல காலம் ஃபியூஸ் மட்டும்தான் போச்சு. பிறகு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ஏறி இறங்கி 120க்கு இறக்குற ட்ரான்ஸ்ஃபோமர் ஒண்டு வாங்கினன். அதை வாங்கேக்க ஒண்டு கவனிக்க வேணும், அம்ப்ல 15 வோட் எண்டு போட்டிருக்கிறது ஸ்பீக்கருக்குப் போற அளவு, சுவத்தில இருந்து அது இழுக்கிறது அதைவிட எத்தினையோ மடங்கு கூட. பின்னுக்கு எழுதியிருக்கிற அளவைப் பார்த்து அதுக்கும் மேலால வாங்குங்கோ. சில அம்ப்ல வோல்டேஜ் மாத்துற சுவிட்ச் இருக்கும், அதை மாத்தினா ஃபியூஸும் வேற அளவு போட வேணும், இதை கனபேர் மறந்துபோறது.

எர்த் கட்டாயம். மூண்டு முள் பிளக்கை ரெண்டு முள் அடப்டருக்குள்ள செருகி, பேனையை விட்டு பிளக் ஓட்டையைத் திறந்து குத்துற பழக்கம் எங்களுக்கு இருக்கு, போன் சார்ஜருக்கு என்னவோ செய்யுங்கோ, அம்புக்கு வேண்டாம். எர்த் இல்லாத அம்ப்ல கிட்டார் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மைக்கில வாயை வச்சா உதட்டில அடிக்கும், சில நேரம் அதோட நிக்காது. பின் மூடியைக் கழட்டிப் பார்க்கவும் வேண்டாம், உள்ளுக்க 300, 400 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கபாசிட்டர்களுக்க அது தேங்கி நிக்கும்.

ஸ்பீக்கர் வயர் கதையையும் இதிலயே சொல்லிப்போட்டு நொப்புக்கு வாறன். வால்வ் அம்ப்பை ஸ்பீக்கர் குத்தாம வாசிக்கக்கூடாது. ட்ரான்சிஸ்டர் அம்ப்ல ஸ்பீக்கரைக் கழட்டினா பெரிசா ஒண்டும் நடக்காது, இதில அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமருக்குப் போற சக்திக்கு வெளியால போக வழி இல்லாம வோல்டேஜ் எக்கச்சக்கமா எகிறி ட்ரான்ஸ்ஃபோமரையே எரிச்சுப்போடும், அம்ப்ல விலை கூடின சாமான்களில அதுவும் ஒண்டு. வெளிக் கெபினெட் (ஸ்பீக்கர் மட்டும் இருக்கிற தனிப் பெட்டி) குத்துறதெண்டா 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் ஜாக்கில, 16ஐ 16ல. ரெண்டு 16 ஓம் கெபினெட்டை பக்கத்துப் பக்கத்து ஜாக்கில சேர்த்துக் குத்தினா மொத்தம் 8 ஆகும், ரெண்டு 8 எண்டா 4. கிட்டார் வயரை ஸ்பீக்கருக்குப் போடாதேங்கோ, வெளியால பார்க்க ஒண்டு மாதிரித்தான் இருக்கும், உள்ளுக்க நூல் மாதிரி மெல்லிய கம்பி.

இப்ப கெயினும் மாஸ்டரும். தம்பிக்கு இதை நான் தேத்தண்ணியை வச்சுத்தான் விளங்கப்படுத்தினன், அந்த நேரம் சித்தி கொண்டுவந்து வச்ச கோப்பை முன்னுக்கு இருந்தது. கெயின் எண்டது சாயம் எவ்வளவு கடுமையா ஊறுது எண்டது. மாஸ்டர் எண்டது அந்தச் சாயத்தில எவ்வளவை கோப்பைக்குள்ள ஊத்துறீங்கள் எண்டது. மெல்லிய சாயத்தை கோப்பை நிறைய ஊத்தலாம், கடும் சாயத்தை கால் கோப்பை மட்டும் ஊத்தலாம். அளவும் கடுப்பும் ரெண்டு வேற விசயம்.

உள்ளுக்க நடக்கிறது இதுதான். கிட்டார் பிக்கப்பில (கம்பிக்குக் கீழ இருக்கிற காந்தச் சுருள்) இருந்து வாறது சின்னஞ்சிறு சிக்னல். பிரீஅம்ப்ல இருக்கிறது பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 எண்ட வால்வ், அதையே ஐரோப்பாவில ஈசிசி83 எண்டுவினம், அதின்ட பெருக்கும் அளவு 100 எண்டு கணக்கு. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ரெண்டு மூண்டு தரம் இப்படிப் பெருக்கினா ஒரு கட்டத்தில சிக்னலின்ட தலை கூரையில இடிக்கும், மேல் நுனி தட்டையாகும். அந்தத் தட்டையாகிறதைத்தான் நாங்கள் டிஸ்டோர்ஷன் எண்டுறம். வால்வ்ல அது படார் எண்டு இடிக்காம கொஞ்சம் கொஞ்சமா அமுங்கித் தட்டையாகும், அதால மெதுவா அடிச்சா தெளிவா, உறுக்கி அடிச்சா கரகரப்பா, உங்கட கைக்கு ஏத்த மாதிரி மாறும். இதுக்காகத்தான் இந்தப் பாரத்தை மூண்டு மாடி தூக்கிறது.

ஆரம்பத்தில அம்ப்ல மாஸ்டர் எண்டு ஒண்டு இல்ல. 1950கள்ல வந்த ஃபெண்டர் பாஸ்மன்ல சனலுக்கு ஒரு வொலியூம், அவ்வளவுதான். அதைப் பார்த்து 60களின்ட தொடக்கத்தில லண்டன் ஹான்வெல்லில ஜிம் மார்ஷலின்ட கடைக்காரர் செய்த ஜேடிஎம்45லயும் அப்படித்தான். கரகரப்பு வேணும் எண்டா வொலியூமைக் கூட்ட வேணும், கூட்டினா தெருவுக்கே கேட்கும், வேற வழியில்ல. மார்ஷலின்ட 2203 எண்ட அம்ப்ல மாஸ்டர் வந்தது 1975ல. அதால உங்கட அம்ப்ல வொலியூம் எண்டு ஒரே ஒரு நொப் இருந்தா அதைக் கெயின் எண்டே நினையுங்கோ, சத்தம் கூட்டுற நொப் எண்டு நினையாதேங்கோ, பாதியைத் தாண்டின பிறகு பெரும்பாலும் சத்தம் பெரிசா கூடாது, கரகரப்புத்தான் கூடும்.

தம்பியின்ட அம்ப்ல ரெண்டும் இருக்கு. முதல் கெயினை 9 மணிக்கு இறக்கி மாஸ்டரை 2 மணிக்கு ஏத்தினம், பளிங்கு மாதிரி கிளீன். பிறகு திருப்பிப் போட்டம், கெயின் 3 மணி, மாஸ்டர் 9 மணி, இப்ப நல்ல கரகரப்பு, ஆனா கொஞ்சம் தகர டப்பா மாதிரி. "ஏன் அக்கா இது ரெக்கோர்ட்ல கேக்கிற மாதிரி இல்ல?" எண்டான். நல்ல கேள்வி. இப்ப கரகரப்பு முழுக்க முன் பக்கத்து குட்டி வால்வ்களில இருந்துதான் வருது, பின்பக்கத்து பெரிய வால்வ் ரெண்டும், இவன்டதில ஈஎல்84, ஒரு வேலையும் இல்லாம நிக்குதுகள். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டப்பட்டாத்தான் அந்தத் தடிப்பு வரும். கெயினை 12 மணிக்கு இறக்கி மாஸ்டரை 1 மணிக்கு ஏத்தினன், அறைக் கண்ணாடி அதிர்ந்தது, மேல்வீட்டு அன்ரி தரையில ரெண்டு தரம் தட்டினா. ஆனா அந்தப் பத்து செக்கனும் பெடியன்ட முகத்தைப் பார்க்க வேணும்.

தேத்தண்ணிக் கதை இந்த இடத்தோட முடியுது, ஏனெண்டா கோப்பைக்கு சாயத்தின்ட ருசியை மாத்த ஏலாது, பவர் வால்வுக்கு ஏலும்.

இனி பேஸ், மிட், ட்ரெபிள், அதாவது அடிச் சத்தம், நடுச் சத்தம், கூர்மையான உச்சச் சத்தம். கனபேர் பிழைவிடுறது இதிலதான், தம்பியின்ட பானைச் சத்தமும் இதால வந்ததுதான். நான் என்ன செய்தனான் எண்டா மூண்டையும் பூச்சியத்துக்கு இறக்கிப்போட்டு "வாசி" எண்டன். வாசிச்சான், கிட்டத்தட்ட ஒண்டும் கேட்கேல்ல. பயந்து "பழுதாக்கிப்போட்டீங்களே" எண்டான். பிறகு மிட்டை மட்டும் மெல்ல ஏத்தினன், சத்தம் திரும்பி வந்துது, மூக்கால கதைக்கிற மாதிரி ஒரு சத்தம், ஆனா கிட்டார் சத்தம்தான்.

விசயம் என்னெண்டா, பழைய முறையில கட்டின அம்ப்ல இந்த மூண்டு நொப்பும் ஒண்டையும் கூட்டுறதில்ல. இருக்கிறதைக் குறைக்க மட்டும்தான் தெரியும். பேஸை 7ல வச்சன் எண்டா பேஸைக் கூட்டிப்போட்டன் எண்டு அர்த்தமில்ல, கொஞ்சமா வெட்டியிருக்கிறன் எண்டுதான் அர்த்தம். அதோட மூண்டும் ஒரே சேர்கிட்டுக்க கையைக் கோர்த்துக்கொண்டு நிக்கிறதால ஒண்டைத் திருப்பினா மற்ற ரெண்டும் அசையும், ட்ரெபிளை முழுக்க ஏத்திப்போட்டு மிட்டைத் திருப்பிப் பாருங்கோ, பெரிசா வித்தியாசம் தெரியாது, ட்ரெபிளை இறக்கிப்போட்டு அதே மிட்டைத் திருப்பினா ஆளே மாறிப்போவார்.

மூண்டையும் 12 மணியில வச்சா நடுப்பகுதியில ஒரு குழி விழும், ஃபெண்டர் மாதிரி சேர்கிட்ல அது 500 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 500 அதிர்வு) சுத்துவட்டாரத்தில. கிட்டார்ல தடிச்ச ஈ கம்பி 82 ஹேர்ட்ஸ், மெல்லிய ஈ கம்பி 330, அதில மேல மேல பிடிச்சுக்கொண்டு போனா 500, 600 எண்டு போகும். அதாவது கிட்டார் பாடுற இடத்திலயே குழி. தனிய அறைக்குள்ள வாசிக்கேக்க அந்தக் குழி வடிவா இருக்கும், பெரிய ஆள் மாதிரி கேட்கும், ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த உடன நீங்கள் காணாமல் போவீங்கள். பாண்டில ஆருக்கும் என்ட கிட்டார் கேக்குதில்ல எண்டு குறைப்படுற முக்கால்வாசிப் பேருக்கு மருந்து வொலியூம் இல்ல, மிட்.

சில ஃபெண்டர்களில மிட் நொப்பே கிடையாது, அதைப் பார்த்து குழம்பாதேங்கோ, உள்ளுக்க ஒரு அளவில கட்டி வச்சிருப்பான். அதில பேஸையும் ட்ரெபிளையும் இறக்கினா மிட் கூடின மாதிரி. அவ்வளவுதான் கணக்கு.

தம்பிக்கு நான் வச்சுக் குடுத்த அளவு: பேஸ் 9 மணி, மிட் 2 மணி, ட்ரெபிள் 12 மணிக்குக் கொஞ்சம் மேல. பானை போச்சு. ஆனா முழுக்கப் போகேல்ல, ஏனெண்டா அம்ப்பை சுவர் மூலைக்குள்ள நிலத்தில தள்ளி வச்சிருந்தான். மூலை எண்டது ஒரு நொப் மாதிரித்தான், பேஸைக் கூட்டும். வெளியால இழுத்து ஒரு கதிரைக்கு மேல வச்சம். இன்னொரு விசயமும் அப்ப அவனுக்கு விளங்கினது: ட்ரெபிள் டோர்ச் லைட் மாதிரி ஸ்பீக்கருக்கு நேர போறது. நிலத்தில இருந்தா அது உங்கட முழங்காலுக்குத்தான் கேட்கும், உங்களுக்குக் காணாது எண்டு ட்ரெபிளை ஏத்துவீங்கள், முன்னுக்கு இருந்து கேக்கிற ஆளுக்கு காது கிழியும். காது உயரத்துக்கு அம்ப்பைத் தூக்கி, இல்லாட்டி சரிச்சு வச்சுப்போட்டுத்தான் ட்ரெபிள் நொப்பில கை வைக்க வேணும்.

முதல்ல நொப் நிக்கிற இடத்தைப் பாருங்கோ எண்டு சொன்னன் எல்லோ, அதுக்கு நல்ல உதாரணம் இந்த பேஸ்தான். மார்ஷல் மாதிரி அம்ப்ல கரகரப்பு வந்து முடிஞ்ச பிறகுதான் டோன் சேர்கிட் வரும், அதால பேஸை ஏத்தினா சத்தம் தடிக்கும், அவ்வளவுதான். மேசா பூகி எண்ட கொம்பனியின்ட மார்க் வரிசை அம்ப்களில டோன் சேர்கிட் முன்னுக்கு நிக்குது, கரகரப்பு அதுக்குப் பிறகு. அதில கெயினை ஏத்திப்போட்டு பேஸையும் பாதிக்கு வச்சீங்கள் எண்டா கரகரப்புக்குள்ள போறதே சேறுதான், வெளியால வாறதும் சேறுதான், அதால அதை வச்சிருக்கிறவை பேஸை 1, 2 எண்டுதான் வைப்பினம். அதே பேஸ் எண்ட எழுத்து, அதே மாதிரி நொப்.

பிரசென்ஸ் எண்டு ஒண்டு சிலதில இருக்கும், ட்ரெபிளுக்கு அண்ணன் எண்டு சொல்லுவினம், அது பிழை, ஆள் வேற வீட்டுக்காரன். ட்ரெபிள் முன் பக்கம், பிரசென்ஸ் பவர் அம்ப் பக்கம். கடைசியில ஸ்பீக்கருக்குப் போற சத்தத்தில கொஞ்சத்தை எடுத்து திரும்பப் பின்னால அனுப்பி, பிழை இருந்தா திருத்திக்கொள்ளுற ஒரு ஏற்பாடு பவர் அம்ப்ல இருக்கு, ஆசிரியர் கொப்பியை திருப்பிக் குடுக்கிற மாதிரி. பிரசென்ஸை ஏத்தினா உச்சச் சத்தங்களை மட்டும் அந்தத் திருத்தத்தில இருந்து விட்டுவிடும், அதுகள் அடக்கமில்லாம முன்னுக்கு வரும். அதே வேலையை அடிச் சத்தத்துக்குச் செய்யுறதுக்கு ரெசொனன்ஸ் இல்லாட்டி டெப்த் எண்டு பேர். வொக்ஸ் ஏசி30 எண்ட அம்ப்ல இந்தத் திருத்துற ஏற்பாடே இல்ல, அதால பிரசென்ஸும் இல்ல, கட் எண்டு ஒண்டு இருக்கும், அது மறுவளம்: வலப்பக்கம் திருப்பத் திருப்ப கூர்மை குறையும். தெரியாம முழுக்கத் திருப்பிப்போட்டு ஸ்பீக்கர் போச்சு எண்டு நினைச்ச ஆக்கள் இருக்கினம்.

பிரைட் சுவிட்ச் வொலியூம் குறைவா இருக்கேக்க மட்டும்தான் நல்லாத் தெரியும், வொலியூம் ஏற ஏற அதின்ட வேலை இல்லாமப் போகும், சுவிட்ச் பழுதில்ல. ரெண்டு இன்புட் இருந்தா 1 எண்டது, இல்லாட்டி ஹை எண்டது, முழு சிக்னல், மற்றது பாதியளவு, கடும் பிக்கப் உள்ள கிட்டாருக்கு. ரிவேர்ப் எண்டது பெரிய மண்டபத்தில வாசிக்கிற மாதிரி எதிரொலி குடுக்கிறது, அடியில ஒரு தகரப் பெட்டிக்குள்ள தொங்குற ஸ்பிரிங்தான் அதைச் செய்யுது, நொப் 3ல இருந்தாக் காணும், அம்ப்பை ஏத்தி இறக்கேக்க போட்டிருந்தா இடி முழங்கின மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்பிடாதேங்கோ. ஃபெண்டர்ல விப்ராட்டோ எண்டு எழுதியிருக்கிறது உண்மையில ட்ரெமொலோ, சத்தம் கூடிக் குறையுறது. அதே கொம்பனி கிட்டார்ல சுருதியை ஆட்டுற கம்பிக்கு ட்ரெமொலோ எண்டு பேர் வச்சது. ரெண்டையும் மாறிப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டாங்கள். பின்னால சென்ட், ரிட்டேர்ன் எண்டு ரெண்டு ஜாக் இருந்தா டிலே, ரிவேர்ப் பெடல்களை (காலால அமத்தி எதிரொலி சேர்க்கிற குட்டிப் பெட்டிகள்) அதில குத்துங்கோ, அது கரகரப்புக்குப் பிறகு நிக்கிற இடம், அங்க குத்தினாத்தான் எதிரொலி தெளிவா இருக்கும், முன்னுக்குக் குத்தினா எதிரொலியும் சேர்ந்து கரகரக்கும்.

கனபேர் தொடாத நொப் ஒண்டு இருக்கு, அது அம்ப்லயே இல்ல, கிட்டார்ல இருக்கிற வொலியூம். அம்ப்பை நல்ல கரகரப்பில வச்சுப்போட்டு கிட்டார் வொலியூமை 10ல இருந்து 5க்கு இறக்குங்கோ. சத்தம் நினைச்ச அளவு குறையாது, கரகரப்புத்தான் ஒழிஞ்சு கிளீனாகும், ஏனெண்டா தலை இப்ப கூரையில இடிக்கேல்ல. பாட்டுக்கு 5, சோலோவுக்கு 10. நான் கோயில் குவையரோட வாசிக்கேக்க முழு நாளும் ஒரு பெடலும் இல்லாம இதை மட்டும் வச்சு ஓட்டியிருக்கிறன்.

தம்பி அடுத்து கேட்டது, 15 வோட் இவ்வளவு சத்தமெண்டா 30 வோட் ரெண்டு மடங்கோ எண்டு. இல்ல. வோட்டை இரட்டிச்சா 3 டெசிபல்தான் கூடும், கொஞ்சம் கூட எண்டு காது சொல்லும். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்க 10 டெசிபல் வேணும், அதுக்கு 150 வோட் வேணும். அதால ஃபிளாட்டில வாசிக்க 5 வோட் வாங்கினாலும் அன்ரி தட்டுவா. வழி ரெண்டுதான், அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில அட்டெனுவேட்டர் எண்ட, ஸ்பீக்கருக்குப் போற சக்தியில கொஞ்சத்தை விழுங்குற பெட்டி ஒண்டு போடுறது, இல்லாட்டி மாஸ்டரைக் குறைச்சுப்போட்டு கிடைக்கிற சத்தத்தோட சமாதானமாப் போறது. தம்பி மூண்டாவது வழி ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறான், கடற்கரைப் பக்கம் ட்ரெயின் போற அந்த அரை நிமிசத்துக்கு மட்டும் மாஸ்டரை ஏத்திறது.

கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கு. உப்புக் காத்து நொப்புக்குள்ளயும் ஜாக்குக்குள்ளயும் போய், திருப்பேக்க கர்ர் கர்ர் எண்டும். முதல்ல அம்ப் நிப்பாட்டியிருக்கேக்க ஒவ்வொரு நொப்பையும் பூச்சியத்தில இருந்து கடைசி வரைக்கும் இருபது தரம் திருப்புங்கோ, பாதிக்குப் பாதி அதோட சரியாகும். சரிவராட்டி தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து கொன்டாக்ட் கிளீனர் அடிக்க வேணும். வாசிக்கேக்க இடைக்கிடை பின்னாலயும் எட்டிப் பாருங்கோ: வால்வுக்குள்ள செம்மஞ்சள் வெளிச்சம் நல்லது, பெரிய வால்வின்ட கண்ணாடியில நீலமா ஒரு புகை மாதிரி தெரிஞ்சாலும் பிரச்சினையில்ல, ஆனா உள்ளுக்க இருக்கிற சாம்பல் நிறத் தகடு அடுப்புக் கம்பி மாதிரி சிவந்தா அந்த நிமிசமே நிப்பாட்டுங்கோ.

அண்டைக்கு நான் வெளிக்கிடேக்க தம்பி போனை எடுத்து நொப் நிக்கிற இடங்களை ஒரு படம் எடுத்து வச்சுக்கொண்டான், இனி இதுதான் என்ட டோன் எண்டு. போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு ஹோல்ல கலியாண வீட்டுக்கு பாண்டோட வாசிச்சவன், நானும் போனனான். படத்தைப் பார்த்து ஒரு மயிரிழை பிசகாம வச்சான், மாஸ்டர் மட்டும் கூட. முதல் பைலாவிலயே தும் தும் எண்டு அடிச் சத்தம், கோர்ட் ஒண்டும் பிரிஞ்சு கேட்கேல்ல. காது சின்னச் சத்தத்தில பேஸைக் குறைவாக் கேட்கும், பெரிய சத்தத்தில முழுசாக் கேட்கும், வீட்டில மெல்லமா வாசிச்சு சரிபார்த்த பேஸ் ஹோல்ல கூடிப்போறது அதால. பின்வரிசையில இருந்து கையைக் காட்டுவம் எண்டு எழும்பினன். அதுக்கிடையில பெடியன் தானாவே குனிஞ்சு, படத்தைப் பார்க்காம, பேஸை இறக்கி, மிட்டை ஒரு சொட்டு ஏத்தி, நிமிர்ந்தான். நான் திரும்ப இருந்து ரோல்ஸைச் சாப்பிட்டன்.